கார்ட்டை மூடினால் ஸ்கோர் விழுமோ?

கடனட்டையை மூடினால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று பார்க்க உங்களுக்குப் போடுகிற புள்ளி, விழும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், எந்த நாட்டு ஸ்கோர் என்று முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களில் சிலர் யூரியூப்பில் யாரோ இந்தியத் தமிழர் சிபில் ஸ்கோரைப் பற்றி விளக்கியதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள், மற்றவர்களுக்கு ஸ்காபரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கிற சொந்தக்காரர் சொல்லியிருப்பார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் நாட்டுக்கு அது சரிதான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஸ்ரான்லி வீதி வங்கிக்குப் போய், பாவிக்காத அட்டைக்கு வருடாவருடம் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

நான் வங்கிக்காரன் இல்லை. ரவுணில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வரி, சம்பளப் பட்டியல் என்று தொடங்கிய வேலை, கடன் விண்ணப்பத்துக்கான கடதாசிகளைத் தயாரித்துக் கொடுப்பதிலும் வந்து நிற்கிறது. அதனால் மற்றவர்களுடைய கடன் அறிக்கைகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். குடும்பத்தில் பாதிப்பேர் வெளிநாட்டில் என்பதால் அவர்களுடைய கேள்விகளும் வட்ஸ்அப்பில் வரும், பெரும்பாலும் அங்கே இரவு இங்கே விடிகாலை.

கனடாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பயம் உண்மையில் பிறந்த இடம் வட அமெரிக்கா. ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் ஒருநாள் கேட்டாள்: "அத்தான், என்னட்ட மூண்டு கார்ட் இருக்கு. ஒண்டுக்கு வருசத்துக்கு நூறு டொலருக்கு மேல வெட்டுறாங்கள். மூடிப்போட்டு ஒண்டோட இருக்கட்டோ?" அவளும் புருஷனும் பக்கத்திலுள்ள மார்க்கம் நகரில் வீடு பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதுதான் இந்தக் கதையில் முக்கியமான விவரம், ஆனால் அவள் அதைக் கடைசியாகத்தான் சொன்னாள்.

அமெரிக்காவில் பெரும்பாலான கடன் கொடுப்போர் பார்க்கிற ஃபைக்கோ ஸ்கோர் 300இலிருந்து 850 வரை போகும், கனடாவில் ஈக்விஃபக்ஸ், ரான்ஸ்யூனியன் என்ற கடன் பதிவு நிறுவனங்கள் கொடுக்கிற ஸ்கோர் 300இலிருந்து 900 வரை. ஃபைக்கோ நிறுவனம் தன் ஸ்கோர் எதனால் ஆனது என்பதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு 30, எவ்வளவு காலமாகக் கடன் வரலாறு இருக்கிறது என்பதற்கு 15, புதிதாக எடுத்த கடன்களுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10. கனடா ஸ்கோரும் கிட்டத்தட்ட இதே விஷயங்களைத்தான் பார்க்கிறது. அட்டையை மூடுவது முதலாவதைத் தொடுவதேயில்லை. நீங்கள் ஒழுங்காகக் கட்டியது கட்டியதுதான். அது அடிக்கிற இடம் இரண்டாவது, அந்த 30 சதவீதம்.

அந்த 30க்குள் பெரிய பங்கு, உங்களுக்குத் தந்திருக்கிற லிமிட்டில் எவ்வளவைப் பாவித்திருக்கிறீர்கள் என்பதற்கு. மச்சாளின் மூன்று அட்டைகளுக்கும் லிமிட் 12,000, 5,000, 3,000 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 20,000 டொலர். மாதக் கடைசியில் ஸ்ரேட்மென்ட்டில் நிற்பது எல்லாம் சேர்த்து 4,000. அப்படியென்றால் 20 சதவீதம், பரவாயில்லை. இப்போது வருடக் கட்டணம் உள்ள அந்த 12,000 டொலர் அட்டையை மூடினால் மிச்ச லிமிட் 8,000தான். செலவு ஒரு சதமும் கூடவில்லை, அதே 4,000தான், ஆனால் பாவனை 50 சதவீதம் ஆகிவிடும். பாவனையை 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வது. கணினி அவளைப் பார்த்து, இந்தப் பெண் திடீரென்று கடனில் மூழ்கத் தொடங்கிவிட்டாள் என்று நினைக்கும். ஸ்கோர் இறங்கும். இவ்வளவுதான் இதிலுள்ள மர்மம்.

ஒவ்வொரு மாதமும் முழுக்காசையும் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்கு ஆச்சரியம். வங்கி அந்தக் கடன் பதிவு நிறுவனங்களுக்கு அறிக்கை அனுப்புவது பெரும்பாலும் ஸ்ரேட்மென்ட் போடுகிற அன்றைய தொகையை. நீங்கள் அடுத்த வாரம் முழுவதையும் கட்டப்போவது அதற்குத் தெரியாது. ஆகவே மோட்கேஜ் என்கிற வீட்டுக்கடன் எடுக்கப் போகிற மாதத்தில் ஸ்ரேட்மென்ட் திகதிக்கு முன்னமே கட்டிவிடுவது அங்கே ஒரு சின்னத் தந்திரம். இதில் இன்னொரு நல்ல விஷயம், பழைய ஃபைக்கோ ஸ்கோர் வகைகளில் இந்தப் பாவனைக் கணக்குக்கு ஞாபகசக்தி இல்லை. இந்த மாதம் 50 என்று நின்றாலும் அடுத்த மாதம் 15 என்று இறங்கினால் ஸ்கோரும் திரும்ப ஏறிவிடும். கட்டத் தவறிய தவணை அப்படியல்ல, அது வருடக்கணக்கில் நிற்கும்.

சரி, மூடாமல் ஒன்றாக்கினால்? இந்த "ஒன்றாக்குதல்" என்பதற்குள் ஆட்கள் நாலைந்து வேறு வேறு காரியங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒரே வங்கியின் இரண்டு அட்டைகள் என்றால், ஒன்றின் லிமிட்டை மற்றதுக்கு மாற்றிவிட்டு முதலாவதை மூடச் சொல்லிக் கேட்கலாம். எல்லா வங்கியும் செய்யாது, செய்கிற இடத்தில் மொத்த லிமிட் அப்படியே இருக்கும், மேலே சொன்ன 20 சதவீதமும் 20ஆகவே நிற்கும். அதைவிட நல்லது, அட்டையை மூடாமலே வருடக் கட்டணமில்லாத வகைக்கு மாற்றிக்கொள்வது. கணக்கு அதே கணக்கு, பிளாஸ்டிக் மட்டும் வேறு. நான் மச்சாளுக்குச் சொன்னது அதைத்தான்: வீட்டுக்கடன் கையெழுத்தாகி முடியும்வரை ஒன்றையும் தொடாதே, பிறகு அந்த 12,000 டொலர் அட்டையைக் கட்டணமில்லாததாக மாற்றச் சொல்லிக் கேள். ஒரு வருடக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய், 25 வருட மோட்கேஜின் வட்டி ஒரு சொட்டு ஏறினாலும் நட்டம் எவ்வளவு என்று அவளே கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

மூன்று அட்டைகளின் கடனையும் புதிதாக எடுக்கிற ஒன்றுக்கு மாற்றுவது வேறு கதை. புதுக்கணக்கு, அதற்காக வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கிற ஒரு விசாரணை, சில புள்ளிகள் இறங்கும், காலப்போக்கில் அது மங்கிவிடும். வட்டி இல்லாத காலம் கிடைத்தால் லாபம்தான். ஆனால் காலியான பழைய அட்டைகள் சட்டைப்பையிலேயே இருக்கும், அடுத்த தையில் யாராவது கலியாணம் என்று சொன்னால் அவை திரும்ப நிரம்பும். ஸ்கோர் நிபுணர்கள் "பழைய அட்டைகளை மூடவேண்டாம்" என்று சொல்வது கணக்குப்படி சரி, மனிதப்படி எல்லோருக்கும் சரியில்லை. கையில் இருந்தால் செலவழிக்கிற ஆள் என்று தன்னைத் தெரிந்தவர் நாலைந்து புள்ளியைப் பார்க்காமல் மூடலாம் என்பது என் கட்சி.

பிறகு, வங்கியே வங்கியை விழுங்குவதால் நடக்கிற ஒன்றாதல். கனடாவில் 2024 மார்ச்சில் ஆர்பிசி வங்கி எச்எஸ்பிசி கனடா வங்கியை வாங்கியது, இரண்டிலும் அட்டை வைத்திருந்தவர்கள் ஒரு நாளில் ஒரே வங்கியின் இரண்டு அட்டைக்காரர் ஆனார்கள். அப்படியான நேரங்களில் ஸ்கோரைவிட முதலில் பார்க்கவேண்டியது அட்டைக்குத் தானாகக் காசு போகிற ஏற்பாடுகளை. பழைய இலக்கத்துக்குப் போன காசு இப்போது புது இலக்கத்துக்குப் போகிறதா என்று. அது தவறினால் அடிபடுவது அந்த 35 சதவீதம்.

பழைய அட்டையை மூடினால் அதன் வரலாறும் அன்றே அழிந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. நல்லபடியாக மூடிய கணக்கு அமெரிக்க அறிக்கையில் 10 வருடம் வரை நிற்கும், பிரித்தானியாவில் 6 வருடம். ஃபைக்கோ கணக்கின் வயதைப் பார்க்கும்போது மூடிய கணக்குகளையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே வயது விஷயத்தில் அடி விழுந்தால் அது இப்போது இல்லை, எத்தனையோ வருடம் கழித்து. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கொழும்பில் எவ்வளவு நல்ல கடன் வரலாறு இருந்தாலும் அது விமானம் ஏறாது. ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தில் இறங்குகிறவருக்கு வரலாறு பூச்சியம். முதலில் வைப்புக் கட்டி எடுத்த 500 டொலர் அட்டைதான் அவருடைய கடன் பிறந்தநாள். மூன்று வருடம் கழித்து நல்ல அட்டை கிடைத்ததும் பெரும்பாலானோர் முதலில் மூடுவது அதைத்தான், லிமிட் சின்னது என்று. வேறு கணக்கு ஒன்றும் அவ்வளவு பழையதில்லை என்றால் அதைக் கட்டணமில்லாமல் வைத்திருந்து மாதம் ஒரு கோப்பி வாங்கினால் போதும்.

இதையெல்லாம் பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கிற சித்தப்பாவின் மகனிடம் சொன்னால் சிரிப்பான். பிரான்சில் இப்படியொரு நாட்டளவு ஸ்கோரே கிடையாது. கடன் கட்டத் தவறியவர்களின் பதிவு ஒன்று பிரான்ஸ் மத்திய வங்கியிடம் இருக்கிறது, தவறவிட்டால் அதில் பெயர் ஏறும், 5 வருடம் வரை இருக்கும், கட்டி முடித்தால் எடுப்பார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவன் பத்து அட்டையை மூடினாலும் ஒரு இலக்கமும் ஆடாது. ஒரே குடும்பத்தில், ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்கு, ஒரே கேள்விக்கு இப்படி வேறு வேறு பதில்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

இங்கே "கிறிப்" என்று எல்லோரும் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, தெற்காசியாவில் இந்த வகையில் முதலாவது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கிற நிறுவனங்களும்தான் அதன் பங்குதாரர்கள். யாழ்ப்பாணத்தில் 2009க்குப் பிறகு ஏ9 வீதி திறந்து வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் வரிசைகட்டி வந்த காலத்திலிருந்து "கிறிப்பில பேர் போட்டிட்டாங்கள்" என்பது ஒரு சாபம் மாதிரிப் பேச்சில் ஏறிவிட்டது. ஏதோ கறுப்புப் புத்தகம், அதில் பெயர் விழுந்தால் வாழ்க்கை முடிந்தது என்று. அப்படியொரு கறுப்புப் பட்டியல் தங்களிடம் இல்லை என்பதைப் பணியகமே திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அதில்தான் இருக்கிறது. அறிக்கையில் இருப்பது என்னென்ன கடன், எவ்வளவு தந்தார்கள், எவ்வளவு நிலுவை, எத்தனை நாள் பிந்திக் கட்டினீர்கள், எந்தெந்த நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்தது, காசில்லாமல் திரும்பிய காசோலைகள், நீங்கள் பிணை நின்ற கடன்கள். கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. 250 முதல் 900 வரையான கிறிப் ஸ்கோர் என்று ஒன்றும் இப்போது இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை இங்கே கடன் அதிகாரிகள் இலக்கத்தைவிட அறிக்கையின் பக்கங்களைத்தான் விரலால் தட்டித் தட்டிக் கேள்வி கேட்கிறார்கள்.

அதுதான் வித்தியாசம். கனடாவில் கணினி உங்கள் பாவிக்காத லிமிட்டைப் பார்த்து, இவ்வளவு இருந்தும் தொடவில்லை, கட்டுப்பாடான ஆள் என்று புள்ளி போடுகிறது. இங்கே அதே லிமிட்டை அதிகாரி பார்த்து, நாளைக்கே இவர் இவ்வளவையும் எடுத்துச் செலவழித்தால் எங்கள் தவணையைக் கட்டுவாரா என்று யோசிக்கிறார். சம்பளத்தில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கும்போது அட்டைகளும் அந்தக் கணக்குக்குள் வருகின்றன. ஆகவே வீட்டுக்கடனுக்குப் போகிற ஒருவர் பாவிக்காத மூன்றாவது அட்டையை மூடுவது இங்கே உதவியாகவே முடியலாம். அட்டையைத் தவிர வேறு கடனே எடுத்திராத இளம் ஆள் என்றால் மட்டும் ஒன்றை வைத்திருப்பது நல்லது, வங்கிக்குப் படித்துப் பார்க்க ஏதாவது வேண்டுமே.

ஸ்கோரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் வட்டியைப் பற்றி ஏன் கவலைப்படுவதில்லை என்பதும் எனக்குப் புதிர். 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022 நெருக்கடியில் அது நீங்கி, வட்டி முப்பதையும் தாண்டிப் போனதை எல்லோரும் அனுபவித்தோம். 2023இல் திரும்ப 28 என்று வரம்பு வந்தது. 28 சதவீதம் என்றால் ஒரு இலட்சம் ரூபாயை ஒரு மாதம் தள்ளிப்போடுவதற்கு விலை ஏறத்தாழ 2,333 ரூபாய். நிலுவையில் 5 சதவீதத்தைக் குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்கிற வங்கி என்றால் நீங்கள் கட்டுவது 5,000, அதில் கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போய்விடும். "மினிமம் கட்டிக்கொண்டு வாறன், கிறிப் கிளீன்" என்று பெருமையாகச் சொல்கிற ஆட்களை எனக்குத் தெரியும். கிறிப் கிளீன்தான். பொக்கற்றும் கிளீன். அதே ஆள் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் அட்டை நீட்டினால் இரண்டரை மூன்று சதவீதம் கூடக் கேட்கிறார்கள் என்று சண்டை பிடிப்பார். அந்தச் சண்டை நியாயமானதுதான், அப்படிக் கேட்கக்கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. ஆனால் 28க்கும் கொஞ்சம் கோபப்படலாம்.

இங்கே அட்டையை மூடுவதில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மூடியும் மூடாமலும் விடுவது. சுன்னாகத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற அண்ணர் ஒருவர் லொறி ஒன்றுக்கு லீசிங் கேட்டுப் போனார், கடதாசிகளை நான்தான் தயாரித்தேன். அறிக்கையில் ஒரு கடனட்டை நிலுவை, நாட்கணக்கு நீளமாக. "நான் அதை வெட்டி எறிஞ்சு எவ்வளவு காலம், காசெல்லாம் கட்டித்தானே எறிஞ்சனான்" என்றார். கட்டியது உண்மை, ரசீது இருந்தது. ஆனால் அவர் கட்டியது ஸ்ரேட்மென்ட்டில் இருந்த தொகையை. ஸ்ரேட்மென்ட் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த மாதம் விழுந்திருக்கிறது. வங்கிக்கு எழுத்தில் அறிவிக்காததால் அட்டை உயிரோடுதான் இருந்தது, வருடக் கட்டணமும் விழுந்தது. அது கட்டப்படாததால் பிந்திய கட்டணம், அதற்கு வட்டி. கடிதங்கள் போனது அவர் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டு முகவரிக்கு. கடையைக் காலிசெய்துவிட்டு மின்சாரக் கணக்கைத் தன் பெயரிலேயே விட்டுவிட்டு வந்ததுபோலத்தான். சில நூறு ரூபாயில் தொடங்கியது. தொகை பெரிதில்லை, ஆனால் அறிக்கையில் பிந்திய நாட்கள் நாட்கள்தான், தொகை சின்னது என்று அவை குறைவதில்லை.

கத்தரிக்கோலால் வெட்டுவது மூடுவது ஆகாது. மூடுவதென்று தீர்மானித்தால், அந்த அட்டையில் என்னென்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். போன் பில், காப்புறுதி, நெற்பிளிக்ஸ், பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு எல்லாம் மாதாமாதம் தானாக இழுக்கும். தவணை முறையில் வாங்கிய குளிர்சாதனப்பெட்டி இருந்தால் மிச்சத் தவணை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டச்சொல்வார்கள், சில இடங்களில் அதற்கொரு கட்டணமும் உண்டு. மனைவிக்கோ பிள்ளைக்கோ எடுத்துக் கொடுத்த துணை அட்டையும் அதே கணக்குத்தான், அது கொழும்பில் பிள்ளையின் கையில் இன்னும் உரசுப்பட்டுக்கொண்டிருக்கும். டொலரில் செய்த செலவுகள் சில நாள் பிந்தி வரும். சேர்ந்த புள்ளிகள் இருந்தால் மூடியதும் போய்விடும். இவற்றையெல்லாம் முடித்துவிட்டு, இன்றைய திகதிக்கு முழுத்தொகை எவ்வளவு என்று வங்கியிடமே கேட்டுக் கட்டி, எழுத்தில் மூடச்சொல்லி, மூடிவிட்டோம் என்ற கடிதத்தைக் கையில் வாங்கவேண்டும். தொலைபேசியில் சொன்னால், வருடக் கட்டணத்தை எடுக்கமாட்டோம், மூடாதீர்கள் சேர் என்று கெஞ்சுவார்கள். அதற்கு இணங்கினாலும் பரவாயில்லை, ஆனால் இந்த வருடத்துக்கு மட்டுமா எப்போதைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த வருடத்துக்கு மட்டும்தான்.

ஒரு இரண்டு மாதம் போக உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். ஐரிப்போர்ட் என்று சொல்வார்கள், வங்கி மூலமும் எடுக்கலாம், ஒன்லைனிலும் எடுக்கலாம், இதற்காகக் கொழும்புக் கோட்டைக்கு இரவு பஸ் ஏறத்தேவையில்லை. அந்த அட்டை தீர்க்கப்பட்டதாகக் காட்டவில்லை என்றால் அந்தக் கடிதத்தோடு முறையிடலாம். சுன்னாகத்து அண்ணருக்கு நிலுவையைக் கட்டித் திருத்தம் வந்து சேர்வதற்குள் அவர் பார்த்துவைத்த லொறியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

வங்கிகள் கைமாறுகிற வேலை இங்கேயும் நடக்கிறது. 2025 செப்ரெம்பரில் எச்எஸ்பிசி தன் இலங்கைச் சில்லறை வங்கித் தொழிலை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்க உடன்பட்டது. இலங்கையில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டை தருவதும் நேஷன்ஸ் ட்ரஸ்ட்தான் என்பதால், ஒரு கையில் எச்எஸ்பிசி விசாவும் மறு கையில் அமெக்ஸும் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கடனும் ஒரே வீட்டுக்குள் வருகிற நிலை. இப்படியான நேரத்தில் ஒரே ஆளுக்கு மொத்தமாக எவ்வளவு லிமிட் வைப்பது என்று எந்த வங்கியும் திரும்ப யோசிக்கும். லிமிட் குறைந்தால் அதனால் கிறிப்பில் பெயர் கெடாது, பயப்படத் தேவையில்லை. பழைய அட்டை இலக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தானியங்கிக் கட்டணங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

இந்த வருடம் கோப்பாய்ப் பக்கத்து ரீச்சர் ஒருவர் வந்தார். வீட்டுக்கடன் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, யாரோ அவரிடம் இரண்டு கடனட்டை இருப்பதுதான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள், வேறு யாரோ மூடினால் ஸ்கோர் இன்னும் விழும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நித்திரை இல்லாமல் வந்து நின்றார். அறிக்கையை எடுக்கச் சொன்னேன். அட்டை இரண்டும் பளிச்சென்று இருந்தன, ஒருநாளும் பிந்தவில்லை. கீழே, பிணையாளி என்ற பகுதியில், முன்பு கூடப் படிப்பித்த ஒருவருடைய தனிநபர் கடன், பல மாதத் தவணை பாக்கி.

"அது அவட கடன் எல்லோ? நான் சும்மா கையெழுத்துத்தானே வைச்சனான்," என்றார்.

எங்கள் ஊரில் பிணைக் கையெழுத்து என்பது கலியாண வீட்டுக்குச் சொன்னால் போவது மாதிரி, கேட்டால் மறுக்கக்கூடாது என்ற வகையில் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூட ஸ்ராவ் அறையில் தேத்தண்ணியோடு கடதாசி சுற்றிவரும், இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. அந்தக் கடன் அவர்களுடைய அறிக்கையில் மட்டுமல்ல, உங்களுடையதிலும் இருக்கிறது என்பதைக் கையெழுத்து வாங்குகிறவரும் சொல்வதில்லை, வைக்கிறவரும் கேட்பதில்லை. அட்டையை மூடலாமா என்று பத்துப்பேரிடம் விசாரிக்கிற அதே ஆள், பத்து இலட்சத்துக்குப் பிணை நிற்க ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. நான் இதில் கொஞ்சம் கடுமையான ஆள், என்னிடம் கேட்டவர்களில் சிலர் இப்போது என்னோடு கதைப்பதும் குறைவு.

ரீச்சர் முதலில் அந்த நண்பியைத் தேடிப் போனார். அவர் நெல்லியடிக்கு மாறிப் போயிருந்தார், கணவருக்கு வேலை போன கதை, அழுகை, எல்லாம் உண்மைதான். இரண்டு குடும்பமும் சேர்ந்து, ஒரு சோடி காப்பை அடைவு வைத்து, பிந்திய தவணைகளைக் கட்டினார்கள். வங்கிகள் பணியகத்துக்கு மாதாமாதம் தகவல் அனுப்புகிறபடியால் அடுத்த அறிக்கையில் பாக்கி பூச்சியம் என்று வந்தது, பிந்தியிருந்த மாதங்கள் மட்டும் பழைய பதிவாக நின்றன. அதற்கு விளக்கக் கடிதம் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன், வங்கி ஏற்றுக்கொண்டு விண்ணப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்தது. கடனட்டைகளைப் பற்றி அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்வி, இரண்டாவதைப் பாவிக்கிறீர்களா என்று. இல்லை என்றதும், அப்படியென்றால் மூடிவிட்டுக் கடிதத்தைக் கொண்டுவாருங்கள், உங்கள் கடன்தொகையைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்றாராம்.